நடுவில் நின்ற முள்

முள் நடுவில்தான் இருந்தது. சென்றாயனுக்கு அதுதான் பிடிபடவில்லை. வண்டியின் முகத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைக்கிறது, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே இருக்கிற இஞ்சின் பெட்டி தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கிறது, தங்கச்சி போதுமணி இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு ஓரமாக நிறுத்தச் சொல்கிறாள், இத்தனைக்கும் சூடு காட்டுகிற இந்த முள் மட்டும் நீலக்கோட்டுக்கும் சிவப்புக்கோட்டுக்கும் சரி நடுவில், பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பாறைப் பக்கமாக ஒடித்து நிறுத்தி இஞ்சினை அணைத்தான். அவன் சொல்லாமலே போதுமணி இறங்கிப் போய் இரண்டு கல்லைப் புரட்டி வந்து பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாள். டிரைவர் பெண்டாட்டி அல்லவா, கை தானாகச் செய்கிறது. இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் அவள் டிரைவர் பெண்டாட்டி. போடிமெட்டு மலைப்பாதையில் பதினோராவது வளைவு இது, மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு மேலே மெட்டில் அவள் புருஷன் தவசியின் பெரியப்பா வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடுகிறார்கள். கல்யாணத்தைத் தீர்த்துவிடப் போகிறார்கள். அவர்கள் வழக்கத்தில் அதற்குப் பெரிய சடங்கெல்லாம் கிடையாது, சபை முன்னால் புருஷன்காரன் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுத்தால் முடிந்தது. துரும்பை வாங்கிக்கொண்டு, வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் இறங்கி வருவதாக ஏற்பாடு. வண்டியை அவனே வைத்துக்கொள்ளட்டும், அந்தச் சனியன் என் கண்ணிலேயே படக்கூடாது என்று போதுமணி சொல்லியிருந்தாள். சனியன் கேட்டுக்கொண்டிருந்ததோ என்னவோ, வழியிலேயே உட்கார்ந்துவிட்டது.

மூடியைத் தொடக்கூடாது. ஆவி அடங்க வேண்டும், இரும்பு ஆற வேண்டும், குறைந்தது அரை மணி நேரம், அதற்குமுன் ரேடியேட்டர் மூடியில் கை வைப்பவன் மடையன். இதே வண்டியில் எட்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு தவசி மலையேறினான், வண்டி சூடாகி நின்றது, அவன் ஓடைக்கு ஓடித் தண்ணி பிடித்து வருவதற்குள் இஞ்சின் பெட்டிக்குள்ளே இருக்கிற மூடி தெறித்து, முன்சீட்டில் உட்கார்ந்திருந்த காமாட்சியக்காவின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அந்தக் கையை சென்றாயன் பார்த்திருக்கிறான். பார்க்காமல் இருந்திருக்கலாம். சரி, அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், பார்க்க வேண்டியதைப் பார்ப்போம் என்று துண்டை உதறிக் கீழே விரித்துப் படுத்தான். பெல்ட் இருக்கிறது, விரலால் அமுக்கினால் இறுக்கமாகத்தான் இருக்கிறது. காற்றாடி இறக்கை ஒன்றும் உடையவில்லை. மேல் ஹோஸ் கிழியவில்லை, கீழ் ஹோஸும் அப்படித்தான். தண்ணி பம்பின் அடியில் மட்டும் செங்காவியாக ஒரு துருக்கறை இறங்கியிருந்தது, அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது, விழுந்தது, அடுத்த சொட்டு வந்து தொங்கியது. அட, இவ்வளவுதானா. பம்பு ஒழுகுகிறது. எட்டு மாதம் ஓடாமல் நின்ற வண்டி, வாஷர் காய்ந்து போயிருக்கும், ஏற்றத்தில் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மிச்சத் தண்ணி கொதித்துவிட்டது. ஆறவிட்டுத் தண்ணி ஊற்றி மெதுவாக உருட்டினால் மெட்டு வரைக்கும் போய்விடலாம். ஒரு மெக்கானிக்காக இருந்திருந்தால் சென்றாயன் அத்தோடு எழுந்து பீடி பற்ற வைத்திருப்பான். ஆனால் அவன் மெக்கானிக் இல்லையே. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளுக்கு ஒயர் வேலை பார்க்கிறவன். லைட் எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, மீட்டர் காட்டவில்லை என்றால் அவனிடம்தான் வருவார்கள். தண்ணி கொதித்தது சரி. கொதித்த தண்ணிக்கு முள் ஏன் ஏறவில்லை?

எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். சாவி அணைத்திருந்ததால் முள் கீழே நீலத்தில் படுத்திருந்தது. இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பினான். முள் சோம்பலாக எழுந்தது, நடுவுக்கு வந்தது, நின்றது. மயிரிழை கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காலையில் வீட்டு வாசலில் சாவி போட்டபோதும் இப்படித்தான் வந்து நின்றது என்று அப்போதுதான் நினைப்பு வந்தது. ராத்திரியெல்லாம் பனியில் கிடந்த வண்டி, இஞ்சின் ஐஸாகக் குளிர்ந்திருக்கிறது, சாவி போட்டதும் நடுவில் நிற்கிறது முள், அதைப் பார்த்துக்கொண்டுதானே கியர் போட்டாய், சென்றாயா, அப்போது எங்கே போனது உன் இருபத்திரண்டு வருஷம்? இதைப் பார்த்தோமா, பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்காமல் விட்டோமா. அதை யோசிப்பதற்குள் இன்னொன்று வந்து நெஞ்சில் முட்டியது, யாரோ இதை அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். இதே வார்த்தையை. குரல் வந்தது, வெயில் வந்தது, கடை வாசலில் நின்ற ஆள் வந்தான். தவசி. காமாட்சியக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே கடைக்கு வந்து நின்றவன், சட்டையெல்லாம் தண்ணி, கண் சிவந்திருந்தது, அழுதானா குடித்தானா என்று கடையில் நின்றவர்களுக்குச் சந்தேகம். அவன் குடிக்கமாட்டான் என்பது சென்றாயனுக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முள்ளு நடுவுலதான் மச்சான் இருந்துச்சு, சத்தியமா, நான் பார்த்துக்கிட்டேதான் ஓட்டுனேன் என்றான். அதற்கு முந்தி ஒரு தடவை சூடேறி இஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டபோதும் அதையேதான் சொன்னான். போன தடவை எல்லாரும் சரி போகட்டும் என்றார்கள், இந்தத் தடவை ஒரு பொம்பளை கை வெந்து கிடக்கிறாள். கூட்டம் சென்றாயன் முகத்தைப் பார்த்தது. மீட்டர் விஷயத்தில் போடியில் அவன் சொன்னால் அதுக்குமேல் பேச்சில்லை. கடையின் உள்பக்கம் தையல் மெஷின் முன்னால் போதுமணி எழுந்து நின்றிருந்தாள், அவளும் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாள். அப்போது சொன்னான் அவன், சாவகாசமாக, கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"முள்ளு பொய் சொல்லாது மாப்ள. மனுசன்தான் சொல்லுவான்."

நன்றாக இருந்தது சொல்வதற்கு. கூட்டத்தில் ஒருத்தன் ம்ம் என்றான். ஜீப் ஸ்டாண்டு முழுக்க அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது அந்த வாசகம். தவசிக்கு 'நடுமுள்ளு' என்று பட்டப்பெயர் வந்தது. ஆனால் தவசி அதற்குப் பிறகும் ஒன்று சொன்னான், அதுதான், அதுதான் இப்போது வந்து முட்டுவது, போகிற போக்கில் திரும்பி நின்று சொன்னான், காலைல சாவி போட்ட ஒடனேயே நடுவுல வந்து நிக்கிது மச்சான், அது எப்பிடி என்று. கேட்டான். கேள்வியாகவே கேட்டான். ஒயர் வேலை தெரிந்த எவனுக்கும் அந்த ஒரு வார்த்தை போதும். குளிர்ந்த இஞ்சினுக்கு நடுமுள் வராது, வந்தால் அது இஞ்சின் பேச்சைக் கேட்கிற முள் இல்லை. சென்றாயன் அதைக் கேட்டான், காதில் விழுந்தது, பதில் சொல்லாமல் அடுத்த வண்டியின் ஒயரைச் சுரண்டப் போய்விட்டான். ஏன் போனான்? எரிச்சலில் போனான். கூட்டம் இருந்தது, வெயில் இருந்தது, காமாட்சியக்கா வீட்டார் நின்றார்கள். அதெல்லாம் இருக்கட்டும், ஏன் போனாய்? அன்றைக்கு ராத்திரி போதுமணி புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவன் வேலை கேட்கப் போனேன் என்றால் எங்கே போனாய் என்றாள், அம்மாவைப் பார்த்தேன் என்றால் யாரைப் பார்த்தாய் என்றாள், தண்ணி குடித்தேன் என்றால் என்ன குடித்தாய் என்றாள். ஒரு ஆள் ஒன்றில் பொய் சொல்கிறான் என்று மனசில் விழுந்துவிட்டால் அப்புறம் அவன் சோறு சாப்பிட்டேன் என்பதும் பொய்தான். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தான் தவசி. அப்புறம் மெட்டுக்குப் போய் யாரோ ஒருத்தரின் ஜீப்பை ஓட்ட ஆரம்பித்தான், திரும்பி வரவில்லை.

கீழேயிருந்து தோட்டத்து ஜீப் ஒன்று ஆட்களைப் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு முனகியபடி வந்தது, பக்கத்தில் வந்ததும் வேகம் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டித் தண்ணி வேணுமா என்று கேட்டு ஒரு கேனை இறக்கி வைத்தான். நல்ல மனுசன்தான். அத்தோடு போயிருக்கலாம். வண்டியை ஒரு பார்வை பார்த்தான், நடுமுள்ளு வண்டிதானே இது, இன்னும் அந்த முள்ளு நடுவிலேயேதான் நிற்கிறதாக்கும் என்று சிரித்தான், பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற போதுமணி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் கழுத்து சிவந்தது சென்றாயனுக்குத் தெரிந்தது. ஆமாய்யா, நடுவிலேயேதான் நிற்கிறது, அதுதான் என்னவென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தான். ஜீப் போய்விட்டது. அடுத்த வளைவில் அது ஹாரன் அடிப்பது கேட்டது.

மீட்டர் போர்டைக் கழற்ற இரண்டே ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், சட்டையோடு சேர்த்துத் துவைக்கப் போட்டுவிட்டாள் என்று போதுமணியை எத்தனையோ தடவை வைதிருக்கிறான். முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவது வழுக்கியது, கை வேர்த்திருந்தது, துடைத்துக்கொண்டு திருகினான். எதுவும் இருக்காது, ஒயர் விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடித்து முள் ஒட்டிக்கொண்டிருக்கும், பழைய வண்டி, எத்தனை கை மாறியதோ. பதினாலு மாதத்துக்கு முன்னால் தவசி இதைத் திருச்சிப் பக்கம் வாங்கி வந்தபோது அப்போதுதான் நீலப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. எடுக்கலாமா மச்சான், நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க என்று கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சென்றாயன் ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பிக் கால்மணி நேரம் உறும விட்டான், முள்ளைப் பார்த்தான், நடுவில் நின்றது. எடு மாப்ள, சூடே ஆகாத இஞ்சின் என்றான். அவனேதான் சொன்னான். போர்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் சாய்த்தான். உள்ளே இருட்டாக இருந்தது. தலையைக் குனிந்து, வெளிச்சத்துக்கு விலகி, மறுபடியும் பார்த்தான். இஞ்சினிலிருந்து வரும் ஒயர் முள்ளில் சேரவில்லை. அதை மடக்கி ஓரமாக நூலால் கட்டியிருந்தது. அது சேர வேண்டிய இடத்தில், கரண்டை ஒரே அளவில் நிறுத்தி வைக்கிற, துரும்பு அளவுக்கு ஒரு சின்ன ரெசிஸ்டர், ஒரு கால் முள்ளின் ஆணியில், மறு கால் போர்டின் தகரத்தில், கச்சிதமாகப் பற்ற வைத்து, அது ஆடாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி. இன்சுலேஷன் டேப் இல்லை. ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. காயத்துக்கு ஒட்டுகிற துணிப் பிளாஸ்திரி, ஓரத்தில் பல் பல்லாக வெட்டியது.

காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. பாதை, குரங்கு, பள்ளத்தாக்கில் எங்கேயோ அறுக்கிற ரம்பம், எல்லாச் சத்தமும் நின்றுபோனது. இல்லை என்றான் சென்றாயன். வாய்விட்டுச் சொன்னானா மனசுக்குள் சொன்னானா தெரியவில்லை. இல்லை, எத்தனையோ பேர் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். எவனும் ஒட்டமாட்டான், தமிழ்நாட்டில் ஒருத்தனும் ஒட்டமாட்டான், இன்சுலேஷன் டேப்பின் பசை சூட்டில் உருகி வழுக்கிவிடும், துணிப் பிளாஸ்திரிதான் நிற்கும் என்று கண்டுபிடித்ததே நீதான், அதைப் பெரிய வித்தை மாதிரி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டதும் நீதான். ஒத்தைத் துண்டாக, குறுக்கே ஒட்டி, ஒரு ஓரத்தை உள்ளே மடிப்பாய், பிறகு பிய்க்க வசதியாக இருக்கும் என்று. மடித்திருக்கிறதா பார். மடித்திருக்கிறது. ஈயப் பற்றைப் பார், வேப்பங்கொட்டை மாதிரி உருண்டையாக, நுனி கிள்ளியது, உன் பற்று. உன் கையெழுத்தை நீயே படிக்கத் தெரியாதா. ஐயோ, என்னுடையதேதான். அந்த புரோக்கர் வந்தான், வெள்ளைச் சட்டை புரோக்கர், மூன்று வருஷத்துக்கு முன்னால், மாதத்துக்கு நாலு ஐந்து மீட்டர் போர்டுகளைப் பேப்பரில் சுற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவான். வண்டி வராது. போர்டு மட்டும் வரும். சூடாகிற வண்டி, விற்க முடியவில்லை, முள்ளைக் கொஞ்சம் அடக்கிக் கொடுங்க சென்றாயன், வாங்குறவன் பயப்படுறான், இஞ்சினை அவன் எப்படியும் செய்யத்தான் போறான் என்பான். அடக்கிக் கொடுத்தான். பத்து நிமிஷ வேலை. அந்த வேலைக்கு அவன் வைத்திருந்த பெயரே அதுதான், முள்ளை அடக்குவது. வண்டியைப் பார்க்கவில்லை, வண்டியில் ஏறப்போகிறவனைப் பார்க்கவில்லை, ஒரு தகரப் போர்டு, நாலு மீட்டர், பத்து நிமிஷம், இதில் என்ன பாவம் வந்துவிட்டது? முப்பதா, நாற்பதா. எந்தெந்த ஊருக்குப் போனதோ. நாற்பது முள் நடுவில் நிற்கிறது எங்கெங்கேயோ, எந்த மலையிலோ, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒன்று போகும், கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்று போகும், டிரைவர் பாவி முள்ளைப் பார்ப்பான், நடுவில் இருக்கிறது என்பான், மிதிப்பான். ஒன்று வீட்டுக்கே வந்துவிட்டது. திருச்சி போய், பெயிண்ட் அடித்துக்கொண்டு, தங்கச்சி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து கடை வாசலிலேயே நின்றது, அதைப் பார்த்து, தான் வைத்த முள்ளைத் தானே பார்த்து, எடு மாப்ள என்றான். காமாட்சியக்காவின் கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.

அப்படியானால் தவசி கேட்டபோது தெரிந்ததா? சாவி போட்ட உடனேயே நடுவுல வந்து நிக்கிது மச்சான், அது எப்பிடி. தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. யாருக்குச் சத்தியம் செய்கிறாய், இங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சுரண்டுகிற ஒயர் கையில் நின்றதா இல்லையா, அப்படி இருக்குமோ என்று தோன்றியதா இல்லையா, சேச்சே அது திருச்சி வண்டி என்று தள்ளினாயா இல்லையா. தள்ளினான். தள்ளினானோ? நினைக்க நினைக்க அந்த நொடி இருந்த மாதிரியும் இருக்கிறது, இப்போது உண்டாக்கிக்கொண்ட மாதிரியும் இருக்கிறது. எது எப்படியோ, போர்டைக் கழற்றிப் பார்க்க அன்றைக்கும் இரண்டே ஸ்க்ரூதான். பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பொய்யன் என்றான். வேலையை ஆரம்பித்தான், கைக்கு வேலை கொடுத்தால் புத்தி கொஞ்சம் நிற்கும். மடித்த ஓரத்தைப் பிடித்துப் பிளாஸ்திரியைப் பிய்த்தான், நகத்தால் நெம்பி ரெசிஸ்டரை ஒடித்தான், நூலை அறுத்து இஞ்சின் ஒயரை எடுத்து ஆணியில் சுற்றி முறுக்கினான். முள் எழுந்தது. நடுவைத் தாண்டியது, இன்னும் தாண்டியது, சிவப்புக்குள் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. இருபது நிமிஷம் ஆறின பிறகும் சிவப்பு. மூன்று வருஷமாகச் சொல்ல விடாமல் வாயைக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டால் இப்படித்தான். இனி என்ன செய்வது. ரெசிஸ்டரைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, ஒயர் விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் தவசி மேல் பழி அப்படியே நிற்கும். அது முடியாது, அவ்வளவு கேடு கெட்டவனில்லை. அப்போது வேறொரு வழி தானாகத் திறந்துகொண்டது, எவ்வளவு நல்ல வழி, பாதி உண்மை. எவனோ ஒருத்தன் முள்ளை ஏமாத்தி வண்டியை வித்திருக்கான், மாப்பிள்ளை சொன்னது நிசம்தான். தவசி பழி போய்விடும், தங்கச்சி வாழ்க்கை திரும்பிவிடும், துரும்பு கிள்ள வேண்டியதில்லை, தன் பெயரும் அப்படியே இருக்கும். எவனோ ஒருத்தன். எவனோ ஒருத்தன் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

போதுமணியைக் கூப்பிட்டான். வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான், சிவப்பில் நிற்கிற முள்ளைக் காட்டினான், இது இருக்கிறவரை இஞ்சின் தீப்பற்றினாலும் முள் நடுவில்தான் நிற்கும் என்பதை விளங்கச் சொன்னான். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தபோது அவள் முகம் போன போக்கை அவனால் பார்க்க முடியவில்லை, பார்வையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். அப்ப அவரு சொன்னது, என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம் என்றாள். அந்த மனுசன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ததை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனதை, கடைசி நாளில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை நம்பேன் என்று கேட்டதை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள், அண்ணனிடம் சொல்வதாகக்கூட இல்லை. சென்றாயன் இதற்குமுன் எச்சில் கூட்டி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னான். எவனோ ஒருத்தன் செஞ்சு வித்துருக்கான்த்தா, நாம என்ன செய்ய. போதுமணி நிமிர்ந்தாள்.

"அவன் கை வெளங்காமப் போக," என்றாள். "எவன் செஞ்சானோ, காமாட்சியக்கா கை வெந்த மாதிரி அவன் கை வேகணும்."

சாபத்தைக் கேட்டதும் கை தானாகப் பின்னால் போயிற்று. அதுதான் தப்பாகிவிட்டது. மறைக்கிற கையைத்தான் கண் பார்க்கும். என்னண்ணே கைல, சுட்டுக்கிட்டியா என்று உடனே எழுந்து வந்தாள், அத்தனை ஆத்திரத்திலும் குரல் மாறிவிட்டது, சின்னப் பிள்ளையிலிருந்தே அவன் கையில் ஒரு கீறல் என்றால் அவளுக்குத் தாங்காது. ஒன்றுமில்லை என்றான். பிளாஸ்திரி போட்டிருக்கே, காட்டு என்றாள். அப்போதுதான் அவனும் பார்த்தான். ரெசிஸ்டரிலிருந்து பிய்த்த பிளாஸ்திரி போகவில்லை, மூன்று வருஷச் சூட்டில் இளகிய பசை கட்டைவிரலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது. உதறலாம் என்று பார்த்தான், வரவில்லை. போதுமணி விரலைப் பிடித்துக்கொண்டாள். காயத்தைத்தான் தேடினாள், பாவி மகள், ஊதக்கூட வாயைக் குவித்துவிட்டாள். காயம் இல்லை. பிளாஸ்திரியின் ஓரத்தில் அவள் கண் நின்றது. பல் பல்லாக வெட்டிய ஓரம். தையல்காரர்கள் துணி பிரியாமலிருக்க வெட்டுகிற ஜிக்ஜாக் கத்தரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடையின் உள்பக்கம் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், வேலை இல்லாத மதிய நேரங்களில் அண்ணனுக்காகப் பிளாஸ்திரி ரோலை அந்தக் கத்தரியால் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி மேஜை ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைப்பாள், நேராக வெட்டினால் நூல் பிரியும்ணே, இதுதான் நிக்கும் என்பாள். எதற்கு இத்தனை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அந்தப் பல்லின்மேல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவினாள். தடவி முடித்தாள். விரலை விடவில்லை.

"இது நான் வெட்டுனது," என்றாள்.

சென்றாயன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வண்டியில் ஒன்று, எனக்குத் தெரியாது, போர்டு மட்டும்தான் வரும், வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லை, எல்லாம் நிசம்தான், வரிசையாக நின்றன. அவள் திட்டவில்லை. சாபத்தைத் திரும்ப எடுக்கவும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ஆறு மாதமாகத் தொடாத பெயரைத் தேடி அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். மணி அடித்தது. எடுக்கமாட்டான், எடுக்காமல் இருந்தால் நல்லது, இல்லை எடுக்க வேண்டும், எடுத்துவிடு மாப்ள. ஐந்தாவது மணியில் எடுத்தான். அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், பெரியவர்கள் வந்துவிட்டார்கள் போல. ஹலோ என்றான் தவசி, பெண்டாட்டி பெயரைச் சொல்லவில்லை. நாந்தான் மாப்ள என்றான் சென்றாயன். சொல்லுங்க மச்சான் என்றது குரல், மரியாதையாக, கட்டை மாதிரி.

"மாப்ள, அந்த முள்ளு பொய்தான் சொல்லிருக்கு..."

போதுமணி தலையை ஆட்டினாள். "முள்ளுன்னு சொல்லாத," என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள்.

சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் சிவப்புதான் தெரிந்தது. அப்புறம் சொன்னான், நான்தான் மாப்ள, என் கை வேலை, வண்டி உன்கிட்ட வர்றதுக்கு முந்தியே நான்தான் முள்ளைக் கட்டி வச்சேன், நீ சொன்னது அம்புட்டும் நிசம், பொய் சொன்னது நான், இதை அங்க உக்காந்திருக்குற அத்தனை பேர் முன்னாலயும் வந்து சொல்றேன், காமாட்சியக்கா காலைப் பிடிச்சும் சொல்றேன். புரோக்கர், மஞ்சப்பை, பிளாஸ்திரி, என்னென்னவோ சேர்ந்து கொட்டியது, முன்னுக்குப் பின்னாக இருந்தது. முடித்தான். வைத்துவிட்டானோ என்று போதுமணி திரையைத் திருப்பிப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு லாரி இறக்கத்தில் உறுமிக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. அதற்குப் பிறகுதான் தவசி பேசினான். அவன் மச்சானை எதுவும் கேட்கவில்லை.

"எத்தனாவது வளைவுல நிக்கிறீங்க?"

பதினொண்ணு என்றான்.

"மூடியத் தொறந்துட்டீங்களா?"

"இல்ல."

"தொறக்காதீங்க. அவ மூடிகிட்ட நிப்பா. தள்ளி நிக்கச் சொல்லுங்க, தெறிக்கும். நான் தண்ணியோட வர்றேன்."

போன் நின்றது. சென்றாயன் தங்கச்சியிடம் திரும்பி அதைச் சொல்ல வாயெடுத்தான், சொல்ல வேண்டியிருக்கவில்லை. போதுமணி அண்ணன் விரலை விட்டுவிட்டு, வண்டியை விட்டு இரண்டடி, பிறகு இன்னும் இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.